வேகாத சக்கை

ஜூன் 4

நான்காம் தொட்டியில் பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் ஆலைக்குள் கால் வைத்ததும் அதுதான் செய்தி. குளிர்ந்த நீர் வரும் குழாயில் அடைப்பு, அதனால் சூடு ஏறிவிட்டது. தொட்டிக்குள் வளரும் பூஞ்சையை நாங்கள் எல்லோரும் 'பிள்ளை' என்றுதான் சொல்வோம். வேளாவேளைக்குச் சர்க்கரைப் பாகு, காற்று, அளவான சூடு. இதில் ஒன்று குறைந்தாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும். பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்திருக்க மாட்டேன். பெறவில்லை, அது வேறு கதை. மதியத்துக்குள் சூட்டை இறக்கிவிட்டோம்.

சாயங்காலம் போன். அண்ணன்.

அப்பாவின் வீட்டை விற்றபோது வந்த மனத்தாங்கலுக்குப் பிறகு இரண்டு வருஷமாக எங்களுக்குள் பேச்சில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். எதிரே வந்தால் நான் மருந்துக்கடைக்குள் புகுந்துவிடுவேன், அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்.

"என்ன, நல்லாருக்கியா?"

"இருக்கேன். நீ?"

"ஞாயித்துக்கிழமை வந்துட்டுப் போ. அண்ணி கேட்டுக்கிட்டே இருக்கா."

அவ்வளவுதான் பேச்சு. வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 7, ஞாயிறு

போய்விட்டு வந்தேன். அண்ணி வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எதுவுமே நடக்காத மாதிரி, "இளைச்சுட்டியே, அந்தப் பூஞ்சைக்குப் போடுறதுல பாதி நீ தின்னா என்ன?" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சிரித்து வைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் பச்சை வலைப் பந்தல் போட்டிருக்கிறார். இந்தப் போகத்திலிருந்து நாற்று வளர்த்து விற்கப்போகிறாராம். பிளாஸ்டிக் தட்டுகளில் மண் பரப்பி நெல் விதைத்து, பாய் மாதிரி வேர் பின்னியதும் தட்டோடு கொடுத்துவிடுவது. நடவு இயந்திரத்தில் அப்படியே வைத்து நடலாம். விதை, அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர் சல்லடையாரின் கடையிலிருந்து.

சல்லடையாரும் அங்கேதான் இருந்தார். விதையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சலிப்பார், கேட்டதையும் இரண்டு தடவை கேட்பார். அதனால் அந்தப் பெயர். கடைப் பலகையில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று யாருக்கும் ஞாபகமில்லை. கம்பெனி விதைகளை விற்றாலும், சொந்த வயலில் அவரே பொறுக்கிப் பொறுக்கிப் பெருக்கிய ஒரு ரகம் உண்டு. இந்த வட்டாரத்தில் பாதிப் பேர் அதற்காகத்தான் அவர் கடைக்குப் போகிறார்கள். அண்ணன் வாங்கியிருப்பதும் அதுதான். "தங்கச்சி, சௌக்கியமா? சௌக்கியம்தானே?" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அண்ணன் கேட்டார்: "உங்க ஆலைச் சக்கை நல்ல உரமாமே. செங்கல் சூளைக்கு ஏத்திட்டுப் போற டிரைவர் சொன்னான். ரெண்டு மூட்டை கிடைக்குமா?"

சக்கை என்றால், தொட்டியில் வளர்ந்ததை வடிகட்டினால் மிஞ்சுவது. வடிந்த நீரில்தான் எங்களுக்குக் காசு. அதிலிருந்து வெள்ளை மாவு எடுப்போம். திராட்சைக்காரர்கள் வாங்கிப்போய்த் தண்ணீரில் கலக்கிக் கொத்துகளை முக்குவார்கள், பழம் பருக்கும். ஆனால் இந்தப் பூஞ்சை பிறவியில் நெல்லின் நோய். நாற்றைப் பிடித்தால் உள்ளேயே அந்தச் சரக்கைச் சுரந்து ஊட்டும். நாற்று வெளுத்து, அளவுக்கு மீறி நெட்டையாக ஓடி, பிறகு சாகும். சாகாமல் தப்பினால் பதர்தான். நெல்லைக் கெடுப்பதை வைத்துத் திராட்சையை வளர்க்கிறோம். இதற்கு ஒரு ஆலை, கேன்டீன், தொழிற்சங்கம்.

அதனால்தான் சக்கையை ஆவியில் வேகவைத்த பிறகே வெளியே விடுவார்கள். வெந்துவிட்டால் செத்த பொருள். ஆலையில் பாதிப் பேர் பூந்தொட்டிக்கு எடுத்துப்போகிறார்கள், காவலாளி கேட்பதுகூட இல்லை. ஆனாலும் நெல்லுக்கு மட்டும் போடக்கூடாது என்பது எழுதாத சட்டம்.

"நெல்லுக்கு வேண்டாம்ணா" என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. இரண்டு வருஷம் கழித்துக் கூப்பிட்டு ஒன்று கேட்கிறார், முதல் பதிலே 'முடியாது' என்பதா?

"பாக்கறேன்" என்றேன்.

ஜூன் 10

அண்ணன் கேட்டது இரண்டு, நான் எடுத்தது நான்கு மூட்டை. சுவரோரம், வெந்த சக்கையை அடுக்கும் இடத்திலிருந்தே எடுத்தேன். பாய்லர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பதுதான் முறை. கேட்டால், "நாலு மூட்டையா? எதுக்கு? நெல்லுக்கா?" என்று தோண்டித் துருவுவார். அவர் வாயில் விழுந்தால் மறுநாள் கேன்டீன் முழுக்கத் தெரிந்துவிடும். பாய்லர் பக்கம் சத்தமே இல்லை. டீ குடிக்கப் போயிருப்பார், நல்லதாய்ப் போயிற்று என்று ஆட்டோவில் ஏற்றிவிட்டேன்.

அண்ணன் மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "வாசனையே ஆளைத் தூக்குதே" என்றார். மண்ணோடு கலந்தோம். அண்ணி, நான், அவர் மூன்று பேரும் முழங்கை வரை மண்ணோடு. சின்ன வயதில்கூட அவரோடு இப்படி உட்கார்ந்து விளையாடிய ஞாபகம் இல்லை.

ஜூன் 11

உடம்பெல்லாம் வலி. சந்தோஷமாக இருக்கிறேன்.

ஜூன் 20

அண்ணன் போன் மேல் போன். "வந்து பாரு, வந்து பாரு." போனேன். நாற்று ஜம்மென்று நிற்கிறது. பக்கத்துப் பந்தல்காரர் அதே நாளில் விதைத்தது இதில் முக்கால் உயரம்கூட இல்லை. பந்தலைச் சுற்றி நாலைந்து பேர் வேடிக்கை பார்த்தார்கள். ரிட்டையரான வாத்தியார் ஒருவர் தன் வயல் முழுவதற்கும் தட்டு சொல்லிவிட்டுப் போனார்.

"எல்லாம் என் தங்கச்சி கைராசி" என்று அண்ணன் எல்லோரிடமும் சொன்னார். சல்லடையார், "விதை என்னுது, ராசி தங்கச்சியோடதா? நல்லா இருக்குய்யா நியாயம்" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

நானும் சிரித்தேன். ஆனால் நாற்றின் நிறம்.

ஜூன் 22

கேன்டீனில் பாய்லர்காரருக்கு எதிரே உட்கார்ந்தேன். பாய்லர் இப்போது ஒழுங்காக ஓடுகிறதா என்று பட்டும் படாமல் கேட்டேன்.

"இப்ப ஓடுது. இந்த மாசம் பத்தாம் தேதி வாக்குலதான் ஒரு வாரம் படுத்துடுச்சு. வேக வைக்கவே முடியல. எல்லாச் சக்கையையும் பச்சையாவே சுவரோரம் போட்டு வச்சோம். அப்புறம்தான் வேகவச்சு அனுப்பினோம்."

டம்ளரை வைத்தேன்.

டீ குடிக்கப் போயிருக்கிறார் என்று நினைத்தேனே. ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால்.

ஜூன் 23

மாவாக இருக்கும். சக்கையில் கொஞ்சம் மாவு தங்கியிருக்கும், அதில்தான் நாற்று நீண்டிருக்கிறது. அப்படியானால் ஒன்றும் ஆகாது. நெட்டையாக நிற்கும், அவ்வளவுதான். பூஞ்சை உயிரோடு ஏறியிருந்தால்தான் ஆபத்து.

மாவுதான். மாவாகத்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 24

நாற்று கொஞ்சமும், பந்தலில் மிச்சமிருந்த சல்லடையாரின் விதை ஒரு பிடியும் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஆலைச் சோதனைக்கூடத்தில் இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்திருக்கிறேன். பூஞ்சை இருந்தால் சில நாளில் வளர்ந்து காட்டிவிடும்.

அதுவரை தட்டு யாருக்கும் கொடுக்காதே என்று அண்ணனிடம் சொல்லலாம். சொன்னால் ஏன் என்பார். முடிவு தெரியாமல் என்ன சொல்வது? ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால், வீணாக அவர் மனதில் கல்லைப் போட்டதாகிவிடும். தெரிந்துகொண்ட பிறகே சொல்லலாம்.

அண்ணன் தட்டுகளை வயல் வயலாகக் கொண்டுபோய் இறக்கிக்கொண்டிருக்கிறார். வாத்தியார் வயலில் நடவு ஆரம்பித்தாயிற்று.

ஜூன் 30

வந்துவிட்டது.

விதை வைத்த தட்டு சுத்தம். துளி பூஞ்சை இல்லை. நாற்று வைத்த தட்டு முழுக்கப் பஞ்சு. திருப்பிப் பார்த்தேன். வயல்வெளியில் தானாக வரும் பூஞ்சை என்றால் அடிப்பக்கம் சிவந்திருக்கும். எங்கள் பிள்ளை அப்படிச் சிவக்காது. மாவில் நிறம் ஏறக்கூடாது என்பதற்காகவே பல வருஷம் பொறுக்கி வளர்த்த வகை. இது வெள்ளை வெளேரென்று இருந்தது.

என் பிள்ளை. சந்தேகமே இல்லை.

கடைசித் தட்டும் நேற்றே போய்விட்டதாம். அண்ணி போனில் சொல்லி மகிழ்ந்துபோனாள்.

ஜூலை 5

ஒரு வேளை வயலில் தாங்கிக்கொள்ளுமோ? சில நேரம் தாங்கும். எல்லா நாற்றுக்கும் ஏறியிருக்காது. இப்படியே தினமும் எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடுகிறேன்.

ஜூலை 15

தாங்கவில்லை. வாத்தியார் வயலைப் பேருந்திலிருந்து பார்த்தேன். பயிருக்கு மேலே மஞ்சளாய் நெட்டை நெட்டையாகத் தலைகள். இடையிடையே செத்து விழுந்திருக்கிறது. அடுத்த வயலும் அப்படித்தான். பேருந்தில் பக்கத்திலிருந்தவர், "என்னமோ நோயாம்" என்றார். "அப்படியா" என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது.

ஜூலை 18, சனி

இதை எழுதவே பிடிக்கவில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

அண்ணன் வீட்டு முற்றத்தில் நாற்று வாங்கிய எல்லோரும் கூடிவிட்டார்கள். வாத்தியார் வேரோடு பிடுங்கி வந்த பயிரை நடுவில் போட்டார். அடித்தண்டில் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. அண்ணனின் முகம் செத்துவிட்டது. சல்லடையார் வந்ததும் அந்த முகத்தில் கோபம் வந்தது.

"என்னய்யா விதை கொடுத்த? நண்பன்னு நம்பித்தானே வாங்கினேன்? ஊரு பூரா என்னைக் காறித் துப்புது."

"என் விதையில எப்பவுமே இப்படி வந்ததில்லைப்பா" என்றார் சல்லடையார். "வந்ததில்லை" என்று மறுபடியும் சொன்னார், மெதுவாக.

அப்போது வாத்தியார் என் பக்கம் திரும்பினார். "இந்தம்மாதான் பூஞ்சையோடவே குடும்பம் நடத்துறவங்களாச்சே. நீங்க சொல்லுங்க. இந்த நோய் விதையில வருமா, வராதா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"வரும்" என்றேன்.

"வேற எதுல வரும்?"

"பெரும்பாலும் விதையிலதான்."

இரண்டும் உண்மை. எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும் அதுதான் இருக்கும். உண்மையைச் சொல்லியே ஒருத்தரைச் சாய்க்கலாம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

சல்லடையார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை ஆட்டினார். "தங்கச்சி படிச்சவ. அது சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கேயோ நான்தான் கோட்டை விட்டிருக்கேன்." எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "அந்த ரகத்துல மிச்சம் இருக்கறதை எல்லாம் அடுத்த ஞாயித்துக்கிழமை கொளுத்திடறேன். இனிமே யாருக்கும் அது போகாது."

கும்பிட்டார். என்னையும் பார்த்துத்தான் கும்பிட்டார்.

ஜூலை 20

அண்ணனிடம் சொல்லிவிட்டேன். பந்தலுக்குள் காலித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். பாய்லர், வேகாத சக்கை, வெள்ளைத் தட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். குழாயை மூடாமலே கேட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது.

"யாருக்காவது தெரியுமா?"

"இல்ல."

"அப்ப தெரிய வேண்டாம்."

"அண்ணா, அவர் மேல தப்பே இல்ல."

"தெரியுது. சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சியா? நாளைக்கே எல்லாரும் என் கழுத்துல துண்டைப் போடுவாங்க. உன் வேலை போகும். அவனுக்குக் கம்பெனி விதை இருக்கு, கடை ஓடிடும். நான் இதை நம்பித்தானே இறங்கினேன்?"

"விதையை எரிக்கப் போறேன்னாரே."

"எரிக்க மாட்டான். ஒரு வேகத்துல சொன்னது. விதைன்னா அவனுக்கு உசிரு."

பிறகு குழாயை மூடிவிட்டு வந்து என் தலையில் கை வைத்தார். அப்பா செத்த அன்றுகூட அப்படி வைத்ததில்லை. "நீ எனக்கு நல்லது பண்ணத்தான் வந்த. எனக்குத் தெரியும். வா, சாப்பிடலாம்."

போய்ச் சாப்பிட்டேன். பசித்தது. அதுவும் ஒரு வெட்கம்.

ஜூலை 22

இன்று வேலை முடிந்து சல்லடையார் கடை வழியாக வந்தேன். தனியாக உட்கார்ந்திருந்தார். போய் நின்றாலே போதும், வார்த்தை தானாக வந்துவிடும். சைக்கிள் கடை வரை போய்விட்டுத் திரும்பினேன். அதற்குள் கதவைச் சாத்தியிருந்தார். நிம்மதியாக இருந்தது. சீ.

ஜூலை 24

நாளை மறுநாள் ஞாயிறு. எரிக்க மாட்டார். அண்ணன் சொன்னாரே.

ஜூலை 26, ஞாயிறு

எரித்துவிட்டார்.

வீட்டில்தான் இருந்தேன். துணி துவைத்தேன், அலமாரியை ஒழித்தேன், பாத்திரத்தை எல்லாம் இறக்கித் தேய்த்தேன். மதியத்துக்கு மேல் ஜன்னலில் புகை நாற்றம். கீழ் வீட்டுக்காரம்மா மாடிப்படியில் நின்று, "விதைக்கடைக்காரர் நெல்லை மலையா கொட்டிக் கொளுத்துறாராம். பாவம், மனுஷன் பக்கத்துலேயே நிக்கிறாராம், நகர மாட்டேங்கறாராம்" என்றாள்.

கொடியில் காய்ந்த துணியெல்லாம் அந்த நாற்றம். மறுபடி துவைத்துப் போட்டேன்.

ஒரு வாரம் இருந்ததே. திங்கள், செவ்வாய், புதன், எந்த நாளில் போயிருந்தாலும்... எந்த நாள்ல போயிருந்தாலும் நின்னிருக்குமே. என்ன மனுஷி நான்?

ஆகஸ்ட் 3

வாத்தியார் வயலை மறுபடி உழுதுவிட்டார். மற்றவர்கள் நெட்டைப் பயிரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

அண்ணன் சாயங்காலம் வந்து என் வீட்டு மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக் கொடுத்தார். சமையலறைக் குழாயின் வாஷரையும் மாற்றினார். வாரத்தில் மூன்று நாள் அங்கேதான் சாப்பாடு. அண்ணன் கேலி பேசுகிறார், அண்ணி மீந்ததை எல்லாம் டப்பாவில் போட்டுத் தருகிறாள். இரண்டு வருஷமாக நான் ஏங்கிய அத்தனையும் இப்போது கையில் இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் பாதி தட்டிலேயே மிஞ்சுகிறது.

சல்லடையார் பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

ஆகஸ்ட் 16

மாலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் சல்லடையார். நன்றாக இளைத்துவிட்டார். சட்டை இரவல் வாங்கியது மாதிரித் தொங்கியது.

"உன்னால எனக்கு ஒரு உதவி ஆகணும் தங்கச்சி" என்றார். உட்காரச் சொன்னேன். டீ போட்டேன். பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். பிரித்தால் நெல். ஒரு கை அளவு.

"சல்லடை மரச்சட்டத்துக்கும் கம்பி வலைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருந்தது. தட்டித் தட்டி எடுத்தேன். இதை நீ சோதிச்சுப் பாரு. பூஞ்சை எப்ப ஏறிச்சு, வயல்லயா, காய வச்சப்பவா, மூட்டையிலயா? எங்க தப்பு பண்ணேன்னு தெரிஞ்சாப் போதும். அது தெரியாம எனக்கு எந்த வேலையும் ஓடல."

நான் பொட்டலத்தைத் தொடவில்லை.

"தெரியுமா, தெரியாதா? சோதிச்சா தெரியும்தானே?"

"சோதிச்சுட்டேன்" என்றேன். "உங்க விதையில ஒன்னுமே இல்லை. சுத்தமா இருந்தது. நான் கொண்டுவந்து போட்ட சக்கையில இருந்து வந்தது அது."

அவர் உடனே புரிந்துகொள்ளவில்லை. பாய்லரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். இந்த முறை எதையும் விடவில்லை. அண்ணனிடம் சொன்னதைக்கூட. முடித்த பிறகு, பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அப்ப நான் எரிச்சது?"

"நல்ல விதை."

"நல்ல விதையா?"

"ஆமாண்ணே."

"உனக்கு எப்பத் தெரியும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்குக்கூட அது ஆறுதலாக இருந்திருக்கும்.

"நீங்க எரிக்கறதுக்கு முன்னாடியே."

அவர் திட்டவில்லை. நெல்லை மறுபடி பொட்டலமாக மடித்தார். ஒரு மணி மேஜை விளிம்புக்கு உருண்டு ஓடியது, விரலால் ஒற்றி எடுத்து உள்ளே போட்டார். பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். டீ ஆறிப்போயிருந்தது. குடிக்காமல் போனால் நான் வருத்தப்படுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்தார். படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். கூடப் போய்க் கையைப் பிடித்திருக்கலாம். எந்த முகத்தோடு பிடிப்பது?

ஆகஸ்ட் 17

அண்ணன் போனில். சல்லடையார் போய்க் கேட்டிருப்பார் போல. "ஏன் சொன்ன?"

"கேட்டாரு."

"கேட்டா சொல்லிடுவியா? அன்னிக்கு எல்லாரும் சேர்ந்து கேட்டாங்களே, அப்ப சொல்லல இல்ல?"

அவர் சொன்னது சரிதானே. சொல்ல வேண்டிய நாளில் அண்ணனுக்காகச் சொல்லவில்லை, சொல்லக்கூடாது என்று அவரே கேட்டுக்கொண்ட பிறகு சொல்லிவிட்டேன். இரண்டு பேருக்கும் துரோகம். யாருக்கும் பாதியாகக்கூட நல்லது செய்யவில்லை.

"இனிமே இந்தப் பக்கம் வராதே" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நம்பியிருப்பேன்.

ஆகஸ்ட் 19

மேலாளரிடமும் சொல்லிவிட்டேன். வாயைத் திறந்தாயிற்று, இனி மிச்சம் எதற்கு. நீண்ட நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "உங்ககிட்ட இருந்தா இது?" என்றார். பத்தொன்பது வருஷம் பார்த்தவர். அந்தக் கேள்வியே போதுமான தண்டனை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

செப்டம்பர் 2

இன்றிலிருந்து டப்பா அடைக்கும் பிரிவு. தொட்டிப் பக்கம் போக எனக்கு அனுமதி இல்லை. சக்கை அடுக்கும் இடத்துக்குக் கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள், சாவி பாய்லர்காரரிடம். அவர் என்னைப் பார்த்ததும் வேறு பேச்சே வராமல், "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதாம்மா?" என்றார். அவர் வாயில் விழாமல் இருக்கத்தானே கேட்கவில்லை. இப்போது ஊர் வாயிலேயே விழுந்தாயிற்று.

டப்பாவில் மாவை நிரப்பி மூடி போடுகிறேன். மேலே திராட்சைக் கொத்துப் படம் போட்டிருக்கிறது.

செப்டம்பர் 20

அண்ணியைக் காய்கறிக் கடையில் பார்த்தேன். ஒதுங்கிப் போகவில்லை. அவளே பக்கத்தில் வந்தாள். நாற்று வாங்கிய ஒவ்வொருவர் வீட்டுக்கும் அண்ணன் போய் உட்கார்ந்து, தன் பந்தலில் வந்த நோய் என்று சொல்லிவிட்டு வந்தாராம். தட்டுகளையும் பந்தலையும் விற்றுக் கொடுக்க முடிந்ததைக் கொடுத்திருக்கிறார். வாத்தியார் வாங்க மறுத்துவிட்டாராம்.

"என்னைப் பத்திச் சொன்னாரா?" என்று கேட்டேன்.

"உன் பேரையே எடுக்கல. உரத்துல தப்பாயிடுச்சுன்னு மட்டும்தான் சொன்னார்."

"எங்கிட்ட பேசுவாரா அண்ணி?"

அவள் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். நல்லதாக ஒன்றும் கிடைக்கவில்லை போல.

நவம்பர் 8

அண்ணனும் சல்லடையாரும் பேசிக்கொள்கிறார்களாம். கீழ் வீட்டுக்காரம்மா சொன்னாள். அண்ணன்தான் முதலில் போனாராம். கடை வாசலில் வெகு நேரம் நின்றாராம், உள்ளே போகாமல். கடைசியில் சல்லடையாரே எழுந்து வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாராம்.

அவளுக்கு எப்படித்தான் எல்லாம் தெரிகிறதோ. ஆனால் இரண்டாம் தடவையும் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

டிசம்பர் 5

இன்று அரை நாள் வேலை. ரொம்ப நாள் கழித்து விதைக்கடைத் தெரு வழியாக வந்தேன். வேண்டுமென்றேதான் வந்தேன்.

இருவரும் கடை வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் டீ. அண்ணன் கையை ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சல்லடையார் லேசாகத் தலையசைத்தார். தலையசைத்தாரா, இல்லை வெயிலுக்கு முகத்தைத் திருப்பினாரா, தெரியவில்லை. அண்ணன் டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடைக்குள் புகுந்துகொள்ள அந்தத் தெருவில் மருந்துக்கடையும் இல்லை. நடையை எட்டிப் போட்டேன்.

முனை திரும்பிய பிறகு அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற அந்தச் சிரிப்பு. சல்லடையார் எதையோ இரண்டாம் தடவை சொன்னதும் மறுபடி சிரித்தார். அவர்கள் சிரித்து முடிக்கும் வரை முனையிலேயே நின்றிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு ஆளுக்கு அரிசி களைந்து வைத்தேன்.